படையை நடத்தும் ஆசை எங்கிருந்து வருகிறது?

கேள்வி | 3 ஜூன் 2025, காலை 8.15

படைத்தலைவர் ஆகத் துடிக்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: நாலு பேரை அதட்டி வேலை வாங்கும் ஆசை. நாட்டுப்பற்று, சீருடைப் பெருமை எல்லாம் மேற்பூச்சு. இல்லை என்கிறவர்கள் பெயர், ஊரோடு சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு 9.50

பெயர், ஊரோடு சொல்கிறேன். நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. கல்லூரியில் வரலாறு நடத்தினேன், கூடவே என்.சி.சி. அதிகாரி. என்னிடம் பரேடு நின்ற பையன்களில் சிலர் இன்று மேஜர், கர்னல். அதனால் இது எனக்கு வெறும் புத்தகக் கேள்வி இல்லை.

எல்லோருக்கும் தெரிந்த ஆளையே முதலில் எடுக்கிறேன். சாம் மானெக்‌ஷா. 1914ல் அமிர்தசரஸில் பிறந்தவர். அப்பா டாக்டர். அண்ணன்மார் இருவர் லண்டனில் இன்ஜினியரிங் படித்தார்கள். தானும் லண்டன் போய் மருத்துவம் படிக்கிறேன் என்று கேட்டார். உனக்கு இன்னும் வயது பற்றாது என்று அப்பா மறுத்துவிட்டார். பையனுக்குக் கோபம். அந்த நேரம் பார்த்து டேராடூனில் புதிதாகத் தொடங்கவிருந்த இந்திய ராணுவ அகாடமிக்குத் தேர்வு வந்தது. அப்பாவை எதிர்த்துக்கொண்டு போய் எழுதினார். பொதுப் போட்டியில் எடுத்தது 15 பேர். அதில் இவர் ஆறாவது.

1971 போரில் ராணுவத் தளபதி, 1973ல் நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷல். அதெல்லாம் பிறகு. 1932ல் அந்தப் பதினெட்டு வயதுப் பையனை வாசலுக்குள் தள்ளியது லண்டன் கிடைக்காத கோபம். நாலு பேரை அதட்டும் ஆசையை இதில் எங்கே தேடுவது?

அவருடைய தம்பி ஜெமி டாக்டரானார். டாக்டராகி அவரும் விமானப்படைக்குத்தான் போனார், ஏர் வைஸ் மார்ஷல் வரை உயர்ந்தார்.

4 ஜூன், காலை 7.05

மானெக்‌ஷா ராணுவக் குடும்பம், ரத்தத்தில் வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பா ஹோர்முஸ்ஜி முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவப் பணியில் கேப்டனாக இருந்தார், அது உண்மை. ஆனால் போர் முடிந்ததும் டாக்டர் தொழிலுக்கே திரும்பிவிட்டார். பிள்ளைக்கு அவர் நினைத்த வழி ராணுவம் இல்லை. ரத்தம் என்று சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே படுத்துவிடும், ஒன்றும் விளங்காது.

4 ஜூன், இரவு 10.20

அந்த முதல் அணியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மொத்தம் 40 பேர். 15 பேர் பொதுப் போட்டியில் வந்தவர்கள். 15 பேர் ஏற்கெனவே ராணுவத்தில் ஜவானாக இருந்தவர்கள். 10 பேர் சமஸ்தானப் படைகளிலிருந்து வந்தவர்கள். அந்த ஒரே அணியிலிருந்து பிற்காலத்தில் மூன்று நாட்டு ராணுவங்களுக்குத் தளபதிகள் வந்தார்கள்: இந்தியாவுக்கு மானெக்‌ஷா, பாகிஸ்தானுக்கு முகமது மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டன்.

மூசா குவெட்டாவைச் சேர்ந்த ஹசாரா இனத்தவர். 1926ல் சாதாரண ஜவானாகச் சேர்ந்தார். ஸ்மித் டன் பர்மாவின் கரேன் இனத்தவர், அவரும் கீழ்நிலையிலிருந்து வந்தவர். ஆள் மிகக் குள்ளம், ‘நாலடி கர்னல்’ என்றே பெயர் எடுத்தவர்.

இந்த இரண்டு பேரும் எதற்காக அகாடமிக்கு வந்தார்கள்? அவர்கள் மனதைத் திறந்து பார்க்க முடியாது, நிலைமையைப் பார்க்கலாம். அன்றைய ராணுவத்தில் இந்திய ஜவான் எவ்வளவு திறமைசாலி ஆனாலும் சுபேதார் மேஜர் வரைதான் போகலாம். முப்பது வருட அனுபவம் உள்ள சுபேதார் மேஜரும் நேற்று வந்திறங்கிய வெள்ளைக்கார லெப்டினன்டுக்குக் கீழே. அகாடமியில் ஓர் இடம் கிடைத்தால் அந்தத் தடை விலகும். இதை அதிகார ஆசை என்று சொல்வீர்களா? நான் சொல்லமாட்டேன். இனிமேல் எவனும் என் தலைமேல் உட்காரக் கூடாது என்பது வேறு, நான் போய் அடுத்தவன் தலைமேல் உட்கார வேண்டும் என்பது வேறு.

அந்த 40 பேரில் 22 பேர்தான் பயிற்சியை முடித்து அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். ஆசை மட்டும் போதாது என்பதற்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

5 ஜூன், மாலை 6.30

“வாசலுக்குள் வந்த காரணம் சரி, பெரிய தளபதியாக ஆன காரணம் அதுவேதானா?” என்று கேட்டவருக்கு நன்றி. இது நல்ல கேள்வி. நான் சொல்ல வந்ததே இதுதான். உள்ளே நுழைந்த காரணம் ஒன்று, அங்கேயே நின்று தலைவனான காரணம் இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் மேற்பூச்சு என்ற பேச்சு வருகிறது.

1942 பிப்ரவரி, பர்மா. ஜப்பானியர் ரங்கூனை நோக்கி வருகிறார்கள். வழியில் சிட்டாங் ஆறு. 17வது இந்திய டிவிஷன் பின்வாங்கி வந்துகொண்டிருந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் பகோடா குன்று என்று ஓர் இடம். அதைப் பிடிக்க ஒரு கம்பெனியை நடத்திக்கொண்டு போனவர் கேப்டன் மானெக்‌ஷா, 27 வயது. குன்று கைக்கு வந்தது. இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன. பிழைக்க மாட்டார் என்று நினைத்து கோவன் என்ற மேலதிகாரி தன் சட்டையிலிருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி இவருக்கு அங்கேயே குத்திவிட்டார். செத்தவருக்கு அந்த விருது கிடையாது என்பதால் அத்தனை அவசரம்.

எனக்கு அந்த ரிப்பனைவிட ஷேர் சிங்தான் முக்கியம். மானெக்‌ஷாவின் ஆர்டர்லி. அவர்தான் இவரைத் தூக்கிச் சுமந்து டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். கை வைத்துப் பயனில்லை என்று நினைத்த டாக்டரை விடாமல் பிடித்துக்கொண்டார். என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டபோது, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று மானெக்‌ஷா சொன்னாராம். இந்த நிலையிலும் இப்படிப் பேசுகிறவனைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்று டாக்டர் அறுவை சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார் என்பது பிரபலமான கதை.

மறுநாள் விடியலில் அந்தப் பாலத்தை நம் பக்கமே வெடிவைத்துத் தகர்த்தது. டிவிஷனின் பெரும்பகுதி இன்னும் எதிர்க்கரையில். நீந்தி வந்தவர்கள் வந்தார்கள், ஆற்றோடு போனவர்கள் போனார்கள்.

இதையெல்லாம் பார்த்த ஒருவருக்கு, அப்பா மேல் இருந்த பழைய கோபம் ஞாபகமாவது இருக்குமா? தன்னைச் சுமந்து வந்த ஜவானுக்கு நாளைக்கு யார் பொறுப்பு என்ற எண்ணம் வந்த பிறகு அவர் வேறு ஆள்.

5 ஜூன், இரவு 11.40

மாலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். போர்க்களம் எல்லோரையும் நல்ல தலைவனாக்கிவிடும் என்று தொனிக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. அதே பர்மா, அதே போர், இன்னொரு ஆளைச் சொல்கிறேன்.

ஷூ மௌங் என்று ஒரு பையன். ரங்கூன் பல்கலைக்கழகத்தில் 1929ல் சேர்ந்தான். உயிரியல் படித்தான், டாக்டர் ஆக வேண்டும் என்று. ஆம், இவனும் டாக்டர்தான். தேர்வில் தவறி 1931ல் வெளியே வந்து தபால் நிலையத்தில் குமாஸ்தாவானான். பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சானோடு சேர்ந்து ஜப்பானியரிடம் ரகசியமாக ராணுவப் பயிற்சி பெற ஹைனான் தீவுக்குப் போன முப்பது தோழர்களில் ஒருவனானான். அங்கே வைத்துக்கொண்ட புனைபெயர் நெ வின்.

இதற்குமேல் உங்களுக்கே தெரியும். 1962 மார்ச் 2ல் ஆட்சியைக் கவிழ்த்தார், 1988 வரை பிடியை விடவில்லை. கடைகளும் வியாபாரமும் அரசுடைமை ஆகித் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவர்கள் போட்டதுதான்.

ஒருவர் அப்பா மறுத்ததால் டாக்டர் ஆகவில்லை. ஒருவர் தேர்வில் போனதால் டாக்டர் ஆகவில்லை. தொடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு யார் எப்படி ஆவார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. இன்னும் கேளுங்கள்: நெ வின் பர்மா ராணுவத்தின் தலைமைக்கு வந்தது யாருக்குப் பதிலாக? நேற்று நான் சொன்ன ஸ்மித் டன்னுக்குப் பதிலாக. 1949ன் தொடக்கத்தில் கரேன் கிளர்ச்சி வெடித்தது. டன் கரேன் இனத்தவர், அதனால் விலக்கப்பட்டார். படையைத் திரட்டி எதிர்த்து நிற்கவில்லை, ஒதுங்கிவிட்டார். டேராடூனில் கற்றது அவருக்குள் கடைசிவரை இருந்தது என்றே நான் படிக்கிறேன்.

6 ஜூன், காலை 6.50

டேராடூனில் அப்படி என்ன கற்றார்கள் என்று கேட்டவருக்கு. 1932 டிசம்பர் 10ல் அகாடமியை முறையாகத் திறந்துவைத்தவர் அன்றைய தலைமைத் தளபதி செட்வுட். அவர் பேச்சின் ஒரு பகுதி இன்றும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. முதலில் எப்போதும் உன் நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலமும். அடுத்து நீ நடத்தும் வீரர்களின் மானமும் நலமும் வசதியும். உன் சொகுசும் உன் பாதுகாப்பும் எப்போதும் கடைசி. இவ்வளவுதான் சாரம்.

சொன்னவர் ஆளவந்த வெள்ளைக்காரர், கேட்டவர்கள் ஆளப்பட்டவர்கள். எந்த நாடு என்ற கேள்வி அந்த 40 பேரில் எத்தனை பேர் மனதைக் குடைந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. அவர்களுக்கு முன்பே அதிகாரியாகி, பின்னாளில் நம் ராணுவத் தளபதியான திம்மையாவுக்கு அந்தக் கேள்வி இருந்தது. வெள்ளைக்காரன் படையில் இருப்பதா, விட்டுவிட்டுப் போராட்டத்துக்கு வருவதா என்று அலகாபாத்தில் மோதிலால் நேருவிடமே கேட்டார் என்பார்கள். விடுதலை வந்தபின் நாட்டுக்கு அதிகாரிகள் வேண்டும், அங்கேயே இரு என்று பதில் வந்ததாம். சேர்ந்த காரணம் போக, தங்கிய காரணம் என்று தனியாக ஒன்று உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

6 ஜூன், இரவு 9.15

என் அனுபவத்துக்கு வருகிறேன்.

என்.சி.சி.க்குப் பையன்கள் ஏன் வருகிறார்கள் தெரியுமா? பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரிக்காக. ஹாஸ்டல் பையன்களுக்கு அது பெரிய விஷயம், நான் அதில் எந்தக் குறையும் காணவில்லை. ‘சி’ சர்டிபிகேட் இருந்தால் வேலைக்கு உதவும் என்று சிலர் வருவார்கள், சீருடையில் போட்டோ எடுக்க வேண்டும் என்று சிலர்.

பூரிக்கு வந்தவர்களில் ஒருவன், நல்ல உயரம், குரலும் கணீரென்று இருக்கும். அதனாலேயே முகாமில் அவனை ஒரு கம்பெனிக்கு சீனியராகப் போட்டார்கள். அவனுக்கு இஷ்டமே இல்லை. “எனக்கு எதுக்கு சார் இந்த வம்பு” என்றான். இரண்டாம் நாள் இரவு ரோல்காலில் ஒரு தலை குறைந்தது. இவன்தான் தேடிப் போக வேண்டும், முனகிக்கொண்டே போனான். முதல் வருடப் பையன் ஒருவன், முதல் தடவையாக வீட்டைப் பிரிந்து வந்தவன், சமையற்கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். இவன் கூட உட்கார்ந்து என்ன பேசினானோ, இருவரும் சேர்ந்து வந்து ஃபால் இன் ஆனார்கள்.

மறுநாளிலிருந்து யாரும் சொல்லாமலே அவன் தலை எண்ண ஆரம்பித்தான். சாப்பாட்டு வரிசையில், ஃபயரிங் ரேஞ்சிலிருந்து திரும்பும்போது, படுக்கும் முன். அடுத்த வருடம் வந்து ஸ்பெஷல் என்ட்ரிக்கு எத்தனை சதவீதம் வேண்டும் என்று கேட்டான். எழுத்துத் தேர்வு இல்லாமல் ‘சி’ சர்டிபிகேட்டை வைத்து நேராக எஸ்.எஸ்.பி. என்னும் ராணுவ அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் தேர்வுக்குப் போகும் வழி அது. முதல் தடவை கிடைக்கவில்லை, பிறகு கிடைத்தது. பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்து இன்று வடக்கே எங்கோ இருக்கிறான். அவனுக்குள் அந்த ஆசை எந்த நாளில் வந்தது என்று அவனாலேயே தேதி சொல்ல முடியாது.

7 ஜூன், காலை 8.40

“சார், நீங்கள் எல்லாம் ஆண்களாகவே சொல்கிறீர்கள்.” சரியான கேள்வி. இன்று விடுமுறை, உட்கார்ந்து நிதானமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான்.

லட்சுமி சுவாமிநாதன். பிறந்தது மெட்ராஸ், 1914. மானெக்‌ஷா பிறந்த அதே வருடம். 1938ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தார். அந்த இருவருக்கும் கிடைக்காத டாக்டர் பட்டம் இவர் கையில் இருந்தது. 1940ல் சிங்கப்பூர் போய் அங்கே கூலி வேலைக்கு வந்த இந்தியர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1942ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்து, பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். நடத்த யார்? லட்சுமி கிளினிக்கை விட்டுவிட்டு ஜான்சி ராணிப் படைக்குத் தலைவியானார். ‘கேப்டன் லட்சுமி’ என்ற பெயர் சாகும்வரை ஒட்டிக்கொண்டது.

அதட்டும் ஆசை இருந்த பெண் கிளினிக்கிலேயே நாலு நர்ஸை அதட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். துப்பாக்கி தூக்கி பர்மாக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. என் கணிப்பு இது: டாக்டர் வேலையிலேயே ஒரு தலைமை இருக்கிறது. எல்லோரும் பதறும் நேரத்தில் இதை இப்படிச் செய் என்று ஒருவர் சொல்ல வேண்டும், தப்பானால் அவரே பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பழக்கம் அவருக்கு முன்பே வந்திருந்தது. விடுதலை என்ற ஆசையும் வீட்டிலேயே இருந்தது. அம்மா அம்மு சுவாமிநாதன் காங்கிரஸ்காரர்.

அவருக்குக் கீழே சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். கங்காணிக்கும் தோட்டத்துத் துரைக்கும் தலை குனிந்தே வளர்ந்தவர்கள். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்காத நாட்டுக்காகவா வந்தார்கள்? அதுவும் இருந்திருக்கும். பூட்ஸ் போட்டு, ரைஃபிள் பிடித்து, நிமிர்ந்து நடக்கலாம் என்பது அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். மூசாவுக்கும் டன்னுக்கும் நான் சொன்ன அதே காரணம் இங்கேயும் வருகிறது பாருங்கள். இனி யாருக்கும் கீழே இல்லை.

ஜானகி தேவர் கோலாலம்பூர்ப் பெண், வசதியான குடும்பம். பதின்வயதில் போஸ் பேச்சைக் கேட்டு, போட்டிருந்த வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தார், பர்மாவில் பொறுப்பு ஏற்கும் அளவுக்கு உயர்ந்தார். 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டுப் பின்வாங்கினார்கள். இரவில் நடை, பகலில் விமானத் தாக்குதலுக்கு ஒளிந்து கிடப்பது. போஸும் இந்தப் பெண்களை விட்டுவிட்டு முன்னால் போக மறுத்துக் கூடவே வந்தார். வழியில் அவர்கள் கடந்த ஆறுகளில் ஒன்று சிட்டாங். மூன்று வருடத்துக்கு முன் மானெக்‌ஷா குண்டடிபட்ட அதே ஆறு. எதிரெதிர் அணி, ஆனால் இரண்டு அணியிலும் நம் ஆட்கள்.

7 ஜூன், மதியம் 2.10

ஒன்றை விட்டுவிட்டேன். போர் முடிந்ததும் லட்சுமி என்ன செய்தார்? கான்பூரில் திரும்பவும் வைத்தியம். 1971ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து குவிந்தபோது கல்கத்தாப் பக்கம் போய் அவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். அதே வருடம் அதே பிரச்சினையில் மானெக்‌ஷா டெல்லியில் போருக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். லட்சுமி 2012ல், 97 வயதில் கான்பூரில் இறந்தார். முதுமையிலும் கிளினிக்கை விடவில்லை.

தலைமையைக் கையில் எடுப்பதும், வேலை முடிந்ததும் கீழே வைப்பதும். நெ வின்னால் இரண்டாவது முடியவில்லை. முதல் கேள்வி கேட்டவர் இதை யோசிக்க வேண்டும். எதற்காகச் சேர்ந்தார் என்பதைவிட, வேலை முடிந்ததும் என்ன செய்தார் என்பதில்தான் அதிகார வெறி தெரியும்.

7 ஜூன், இரவு 10.30

“சம்பளம், ஓய்வூதியம், கேன்டீன். இதுதான் காரணம், மற்றது கதை” என்று ஒரு முன்னாள் படைவீரரே எழுதியிருக்கிறார். ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கே வீட்டுக்கு வீடு ஆள் போனதில் தேசபக்தி எவ்வளவு, மாதச் சம்பளம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. பிரிக்கவும் தேவையில்லை.

பெரிய பெரிய தளபதிகளே பணக் கஷ்டத்தில் வந்தவர்கள்தான். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசன்ஹோவரை எடுங்கள். கான்சஸ் மாநிலத்தில் அபிலீன் என்ற சின்ன ஊர். அண்ணன் எட்கர் காலேஜில் படிக்க, இவர் வெண்ணெய் ஆலையில் வேலை செய்து பணம் அனுப்பினார். ராணுவக் கல்லூரியில் கட்டணம் இல்லை என்று ஒரு நண்பன் சொல்லித்தான் அந்த எண்ணமே வந்தது. கடற்படைக் கல்லூரிக்கு வயது தாண்டிவிட்டது, 1911ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்குப் போனார். அம்மா போரையே வெறுத்தவர்.

ஸ்லிம் கதை எனக்கு இன்னும் நெருக்கம். பர்மாவில் ஜப்பானியரைத் தோற்கடித்த பிரிட்டிஷ் 14வது ராணுவத்தின் தளபதி. பிரிஸ்டலில் இரும்புச் சாமான் வியாபாரியின் மகன். வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடிந்தது, அது அண்ணன். இவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர், பிறகு ஒரு கம்பெனியில் குமாஸ்தா. பல்கலைக்கழக மாணவர்களுக்கான அதிகாரிப் பயிற்சிப் படையில், மாணவராக இல்லாமலே 1912ல் எப்படியோ சேர்ந்துவிட்டார். நம்ம என்.சி.சி. மாதிரிதான் அது. 1914ல் போர் வந்ததால் தற்காலிக அதிகாரி. சம்பளத்தை மட்டும் நம்பிப் பிழைக்கலாம் என்பதால் இந்திய ராணுவத்துக்கு மாறினார். இங்கிலாந்தில் அதிகாரியாக இருக்க வீட்டுப் பணமும் வேண்டும்.

குமாஸ்தாவாக இருந்தவர் சுமார் 10 லட்சம் பேர் கொண்ட படையை நடத்தினார். பெரும்பாலோர் இந்தியர்கள். கூர்க்காக்களோடு வேலை செய்து அவர்கள் பாஷையைப் பேசினார். 1942ல் பர்மாவிலிருந்து இந்திய எல்லைவரை தோற்றுப் பின்வாங்கும் படைக்குத் தலைமை தாங்கி வந்தவரும் இவரே. அந்தத் தோல்வியை உட்கார்ந்து அலசி, ஜவானுக்கு மலேரியா மாத்திரை போய்ச் சேருகிறதா, விமானத்தில் ரேஷன் இறங்குகிறதா என்பதிலிருந்து தொடங்கினார். பணத்துக்காகச் சேர்ந்தவர் அங்கேயே நிற்கவில்லை.

8 ஜூன், இரவு 8.00

இரண்டு நாளாக நான் நல்லவர்களையே அடுக்குகிறேன் என்ற முறையீடு வந்திருக்கிறது. கேள்வி கேட்டவர் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அதட்டுவதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். முகாமில் நான் பார்த்திருக்கிறேன். தோள்பட்டையில் பட்டை ஏறியவுடன் நடை மாறும். சாப்பாட்டு வரிசையில் ஜூனியரை ஒதுக்கி முன்னால் போய் நிற்பான். பரேடில் அவன்தான் பளபளப்பு, அதிகாரி பார்க்கும்போது அவன்தான் ஆட்டம் பாட்டம். இவர்களில் சிலர் தேர்வாகியும் போனார்கள். அங்கே போய்த் திருந்தினார்களா என்று எனக்குத் தகவல் இல்லை.

எஸ்.எஸ்.பி.யில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பதே இந்த மாதிரி ஆளைச் சலிக்கத்தான். மங்கலான படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். பதினைந்து நொடிக்கு ஒரு வார்த்தை வந்துகொண்டே இருக்கும், வாக்கியம் எழுத வேண்டும். மைதானத்தில் பலகை, கயிறு, டிரம் கொடுத்துக் கூட்டாகத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். அங்கே யார் அதிகம் கத்தினான் என்று பார்ப்பதில்லை. யோசனை யாரிடமிருந்து வந்தது, மற்றவன் யோசனையை யார் கேட்டான், கயிறு பிடிக்கும் வேலையை யார் செய்தான் என்று பார்ப்பார்கள்.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பயிற்சி மையம் ஒன்றுக்குப் போய்வந்த பையன்கள் எல்லோரும், ஏன் ராணுவத்தில் சேர ஆசை என்றால், ஒரே பதிலை எழுத்து மாறாமல் ஒப்பித்தார்கள். சிறுவயது முதல் சீருடை மேல் ஈர்ப்பு, தாய்நாட்டுக்குச் சேவை, சாகசம் நிறைந்த வாழ்க்கை. அதில் ஒருவனுடைய அப்பா லாரி கிளீனர், அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை. அவனிடம் சொல்ல உண்மையான கதை இருந்தது, அதை மறைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டைத் தூக்கி நிறுத்த வேண்டும், என் தங்கை படிக்க வேண்டும் என்று அவன் நேராகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஐசன்ஹோவர் காரணத்தைவிட அது எந்த விதத்தில் தாழ்ந்தது?

9 ஜூன், காலை 7.30

மானெக்‌ஷாவுக்கும் நீலகிரி வெலிங்டனுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. ஆமாம், மானெக்‌ஷா அங்கே ராணுவ அதிகாரிகள் உயர்பயிற்சி பெறும் ஸ்டாஃப் காலேஜின் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் அவர்மேல் விசாரணையும் வந்தது, குற்றமற்றவர் என்று முடிந்தது. 1962ல் சீனாவிடம் அடிபட்ட படையைத் தேற்ற அவரை அசாமின் தேஜ்பூருக்கு அனுப்பினார்கள். எழுத்தில் உத்தரவு இல்லாமல் இனிப் பின்வாங்கல் கிடையாது, அப்படி ஓர் உத்தரவும் வராது என்று போனவுடன் அறிவித்தார். ஓய்வுக்குப்பின் குன்னூரிலேயே தங்கி, 2008 ஜூன் 27ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார்.

விசாரணை நடந்தபோது, பதவி போய்விடும் என்ற நிலைமையில் அவர் ஏன் ராஜினாமா செய்துவிட்டுப் போகவில்லை என்பது எனக்குச் சேர்ந்த காரணத்தைவிடப் பெரிய கேள்வி.

9 ஜூன், இரவு 9.45

ஓர் அம்மா தனியாகக் கேட்டிருந்தார், எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கேயே எழுதுகிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. போன மாதம் புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள என்.டி.ஏ. என்னும் தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து முதல் பெண்கள் அணி, 17 பேர், பயிற்சி முடித்து வெளியே வந்ததை டி.வி.யில் பார்த்துவிட்டுத் தானும் போவேன் என்கிறாளாம். டி.வி. பார்த்து வந்த ஆசை நிற்குமா என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

அம்மா, டி.வி. பார்த்து வந்தால் என்ன? பூரிக்கு வந்தவனையும் கோபத்தில் வந்தவரையும் மேலே எழுதியிருக்கிறேன். ஆசையைச் சோதிக்காதீர்கள், வேலை கொடுத்துப் பாருங்கள். பள்ளியில் ஏதாவது ஒரு பொறுப்பு, பத்துச் சின்னப் பிள்ளைகளை எங்காவது கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவரும் வேலை. அதில் அவளுக்கு அலுப்பு வருகிறதா, இன்னும் வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

மற்றபடி: தேர்வை யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள். தரைப்படைக்கு எந்தப் பிரிவில் பன்னிரண்டாவது முடித்தாலும் போதும், விமானப்படை, கடற்படை என்றால் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் கணிதம் எல்லோருக்கும் உண்டு, அதனால் கணிதத்தை இப்போதே விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டமும் இப்போதே தொடங்கட்டும், காலையில் பள்ளிக்கு முன்.